தாய்மாமன் குடித்த பால்

சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கப்பலை நிறுத்தி, எங்களை ஒரு குட்டித் தீவில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் நோய் எதையும் கொண்டுபோகிறோமா என்று பார்ப்பதற்காம். வரிசையில் நின்றோம். டாக்டர் துரை நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லி அம்மை குத்திய தழும்பைத் தேடினார். என் தழும்பு மிகப் பழையது, போதாது என்று சொல்லி என் கையை இழுத்துக் குத்திவிட்டார்.

இதிலுள்ள அநியாயத்தை நான் விளக்கியாக வேண்டும். நாகப்பட்டினம் தாலுகாவில் அம்மை குத்துகிற உத்தியோகமே என்னுடையதுதான். ஊரூராகப் போய்ப் பிள்ளைகளின் கையில் அம்மைப்பால் வைத்துக் குத்துவேன். என் குடை தெருமுனையில் தெரிந்தாலே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடுவார்கள். எறும்பு கடித்தாற்போலத்தான் இருக்கும் என்று எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். அன்று என்னைக் கடித்தது எறும்பு இல்லை. நான் போட்ட கூச்சலை என் தாலுகாக்காரர்கள் கேட்டிருந்தால் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

அதே கப்பலில் கறவை மாடுகள் சிலவும் வந்திருந்தன. டாக்டர் துரை அவற்றின் பக்கம் திரும்பவேயில்லை. மாட்டைப் பார்க்க வேறு துரை இருக்கிறார் என்றார்கள். அவரும் வந்தார். மாடுகளின் வாயையும் குளம்பையும் பார்த்தார், எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. மாடுகள் அன்றைக்கே ஊருக்குள் போய்விட்டன. நாங்கள் தீவில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தோம்.

நான் கடல் தாண்டியது என் தங்கை மரகதத்துக்காக. கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவளுக்கு இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கி, இரண்டு முறையும் நாள் நிரம்பாமல் கலைந்துவிட்டது. இது மூன்றாவது. முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கப்பலில் ஏற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் வளையலையும் புடவையையும் மூட்டை கட்டி, தாய்வீட்டுக்குப் பதிலாக என்னை அனுப்பிவைத்தாள் அம்மா.

அவள் இரண்டு கட்டளைகள் போட்டாள். பிள்ளை பிறந்து அது அழுகிற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் திரும்பி வர வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வீட்டில் எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது. என் வாய் எப்படிப்பட்டது என்று பெற்றவளுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வைத்திலிங்கம் சிராங்கூன் சாலையில் கொட்டில் வைத்துப் பால் வியாபாரம் செய்கிறவர். எங்களைத் தீவிலிருந்து எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாததால் துறைமுகத்துக்கு அவர் வரவில்லை. ஒரு ரிக்‌ஷாவில் ஏறினேன். இழுக்கிறவர் சீனர். எனக்குச் சீனமும் தெரியாது, மலாயும் தெரியாது. தலைமேல் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடி ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளேயிருந்து வந்த வாடையும் சத்தமும் அது மாடு அறுக்கிற இடம் என்று சொல்லின.

பதறிப்போய், பால் கறப்பதுபோல் இரண்டு கையையும் மாறி மாறி ஆட்டிக் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. அதில் ஒரு தமிழர், "ஏன்யா, நடுரோட்ல நின்னுக்கிட்டு காத்தக் கறக்குறே?" என்று கேட்டார். பிறகு ரிக்‌ஷாக்காரரிடம் மலாயில் சொல்லி என்னைச் சிராங்கூன் சாலைக்கு அனுப்பிவைத்தார்.

சாலைக்குள் நுழைந்ததும் சாணி வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து வந்தன. நாகப்பட்டினத்துக்கே திரும்பிவிட்டேனோ என்று ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. அங்கே மின்சாரத்தில் ஓடும் டிராம் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. காரணம் தண்டவாளத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஓர் எருமை. ஓட்டுகிறவர் மணியை அடித்துக் கை ஓய்ந்துபோனார். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் இறங்கி வந்து அவரவர் மொழியில் திட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் வாலைப் பிடித்து முறுக்கினார். எருமை எழுந்து போனது. எங்கள் ஊர் எருமைக்கும் அதே வைத்தியம்தான்.

மாப்பிள்ளையின் அம்மாவை அத்தை என்று கூப்பிடுவது வழக்கம். அத்தை என்னை உட்காரவைத்து மீன் குழம்பும் அன்னாசிப் பச்சடியுமாகப் போட்டுத் திணற அடித்தார். குழம்பில் புளியை விடத் தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. கட்டளை ஞாபகம் வந்ததால் நன்றாக இருக்கிறது என்றேன். மரகதம் கதவோரத்தில் நின்று சிரித்தாள். ஆளே மெலிந்து, வயிறு மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அந்த வீட்டின் வழக்கத்தைப் பார்த்தேன். கறவைக்காரர் சாமிக்கண்ணு கறந்து முடித்ததும், நுரை அடங்குவதற்குள் அத்தை ஒரு செம்புப் பாலை வாங்கி மரகதத்தின் கையில் கொடுத்தார். அடுப்பில் ஏற்றவேயில்லை. எங்கள் வீட்டில் பூனைக்கு வைக்கிற பாலைக்கூடக் காய்ச்சித்தான் வைப்போம்.

"காய்ச்சுனா சத்துப் போயிரும் தம்பி. மடிச்சூட்டோட உள்ள எறங்குனாத்தான் புள்ள திடமா நிக்கும்" என்றார் அத்தை.

மாப்பிள்ளைக்கு அதில் தனிப் பெருமையும் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் பாலை வாங்கிப்போய்க் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். சொந்தப் பெண்சாதி காய்ச்சாமலே குடிக்கிறாள் என்றால் அவருடைய மாடுகளுக்கு அதைவிடப் பெரிய நற்சாட்சி வேறென்ன வேண்டும். அதனால் அவள் தெரு பார்க்க வாசலில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து வந்த சில நாட்கள் ஊர் சுற்றினேன். சந்தையில் டுரியான் என்றொரு முள்ளுப்பழத்தை வாங்கி, அதன் வாடையைப் பார்த்து அழுகிவிட்டது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. நல்ல காப்பி தேடி அலைந்தபோது நாகூர்க்காரர் ஒருவரின் கடை அகப்பட்டது. காசிம் நானா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் கடைப் பாலில் பாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று சாலை முழுக்கப் பேச்சு. அவரும் அதை மறுக்கிறவரில்லை.

"தண்ணி ஊத்துறேன், இல்லேங்கல. ஆனா தண்ணி ஊத்துன பால சுண்டச் சுண்டக் காய்ச்சித்தானே ஆவணும் தம்பி? என் கடைல குடிச்சு வயித்து வலின்னு ஒருத்தன் வந்திருக்கானா, கேட்டுப் பாருங்க லா" என்றார்.

கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

கொட்டிலுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. எருமைகள் புரள்வதும் மாடுகள் தண்ணீர் குடிப்பதும் சாலையின் கழிவு நீர் வந்து சேர்வதும் அதே குளத்தில்தான். கரையில் ஓர் ஆலமரம். அதில் வைக்கோல் சுற்றிய பொட்டலங்கள் கிளைக்குக் கிளை தொங்கின. பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மாடு கன்று ஈன்றதும் விழுகிற இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் வடிகிற மரத்தில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மரத்தில் பால் வடிவதுபோல மடியிலும் வடியும் என்று நம்பிக்கை. கடல் தாண்டி வந்தும் விடவில்லையே என்று பெருமைப்பட்டுக்கொண்டே கொட்டிலுக்குத் திரும்பினேன்.

கொட்டிலில் கன்றுகளைக் காணோம். ஒன்றிரண்டு இருந்தன, அவையும் வளர்ந்தவை. மறுபடி போய் மரத்தைப் பார்த்தேன். பழைய பொட்டலம், புதுப் பொட்டலம், காக்கை கொத்திப் பிரித்த பொட்டலம், பிரிந்து தண்ணீரில் விழுந்து கிடக்கிற பொட்டலம். ஒன்றைத் தெருநாய் வாயில் கவ்விக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடியது. மரத்தில் இத்தனை தொங்கினால் கொட்டிலில் கன்றுகள் முட்டி மோதிக்கொண்டல்லவா நிற்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மைப்பால் எடுப்பதற்காகக் கன்றுகள் வளர்க்கும் இடத்தில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். நாள் நிரம்பாமல் கன்று விழுந்துவிட்டால் மாடு கன்று வீசிவிட்டது என்போம். அப்படி வீசிய மாட்டை அங்கிருந்த மாட்டு டாக்டர் உடனே தனியாகக் கட்டச் சொல்வார். விழுந்ததையெல்லாம் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கச் சொல்வார். விட்டுவைத்தால் அதிலிருந்தே மற்ற மாடுகளுக்கும் தொற்றி வரிசையாக வீசும் என்பார். இங்கே விழுந்ததைக் கொண்டுபோய் எல்லா மாடும் தண்ணீர் குடிக்கிற இடத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்தி சிரத்தையோடு.

அந்தப் பாலைத்தான் என் தங்கை பச்சையாகக் குடித்துக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு தடவையும் குடித்திருக்கிறாள்.

அம்மாவின் கட்டளையை மீறி அன்று மாலையே மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்தேன். எந்தெந்த மாடு கன்று வீசியது என்று நல்லபடியாகத்தான் கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "கண்ணுபட்டுப் போச்சு மச்சான். வந்த எடத்துல நீங்களும் கண்ணு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தச் செய்தி வெளியே போனால் மறுநாள் அவர் பாலை வாங்க ஆள் வராது. அதுவும் எனக்குப் புரிந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் வரவில்லை.

மறுநாள் ஊர் சுற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குப் போனேன். துரைமார்களுக்கு மொழிபெயர்க்க அங்கே யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். முதல் அறையில் மனிதர்களைப் பார்க்கிற டாக்டர் துரை. சிநேகிதர் ஒருவர் வீட்டு விஷயம் என்று சொல்லி, மாட்டுக்கு வந்த நோய் பாலின் வழியாகப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருமா என்று கேட்டேன்.

"பொம்பிளைக்கு இப்ப வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார்" என்றார் குமாஸ்தா. அவர் ஊர்ப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். இல்லை என்றேன். "அப்ப வருத்தம் வந்தாப் பிறகு வரட்டாம்."

அடுத்த அறையில் மாட்டுத் துரை. மாடு எங்கே நிற்கிறது, சொன்னால் இப்போதே வந்து கொட்டிலைப் பூட்டிவிடுகிறேன் என்றார். அதை நான் எப்படிச் சொல்வது. அந்தப் பாலைக் குடிக்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பெண்கள் தன் இலாகா இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாவது அறையில் குளத்தையும் சாக்கடையையும் கவனிக்கிற துரை. குளத்தில் கொசு இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல் என்றார்.

குமாஸ்தா வாசல் வரை வந்து வழியனுப்பினார். "குறை நினைக்காதேங்கோ. மூண்டு பேரும் நல்ல மனுசர். ஆனால் ஒருத்தற்றை அறைக்குள்ள மற்றவர் போறேல்லை" என்றார். மரமும் குளமும் மாடும் என் தங்கையும் ஒரே சந்துக்குள்தான் இருந்தார்கள்.

காசிம் நானா கடையில் உட்கார்ந்து யோசித்தேன். காய்ச்சிக் கொடுங்கள் என்றால் அத்தைக்கு அவமானம். குடிக்காதே என்றால் மாப்பிள்ளைக்கு அவமானம். மரகதம் தானாக மறுத்தால் அவளை நான் கெடுத்துவிட்டேன் என்று என்னைக் கப்பலேற்றிவிடுவார்கள். அந்தச் செம்பு அவள் கைக்குப் போகக் கூடாது, யாருக்கும் கோபமும் வரக் கூடாது. பெண் வீட்டிலிருந்து வந்த விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்லிவிட எந்தச் சம்பந்தி வீட்டாலும் முடியாது. ஆகவே நான் தின்னிப்பண்டாரமாகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு என்ன ஆகும் என்றும் யோசிக்காமல் இல்லை. இந்த நோய் கருவைத்தான் பிடிக்கிறது. என் வயிற்றில் வீசுவதற்குக் கன்று ஏது. அம்மை குத்துகிற உத்தியோகஸ்தனுக்கு இது கூடவா தெரியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அத்தை செம்போடு வரும்போதே எதிரில் போய் நின்றேன். "அடடா, என்ன மணம் அத்தை. எங்க ஊர்ல இந்த மாதிரி பால் எங்க கெடைக்குது" என்று வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மீசையைத் துடைத்தேன். அத்தை திகைத்துப் போய் மரகதத்துக்கு இன்னொரு செம்பு கொண்டுவந்தார். அதையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதற்குள் கறந்ததெல்லாம் வாடிக்கைக்குப் போய்விட்டது.

மரகதத்துக்குப் பால் வேண்டுமே. காசிம் நானாவிடம் மூடிபோட்ட செம்பில் காய்ச்சிய பால் வாங்கித் துண்டுக்குள் மறைத்து வீட்டுக்குள் கொண்டுபோவேன். பால்காரர் வீட்டுக்குள் வெளிப்பாலைக் கொண்டுபோவதைவிடச் சாராயம் கொண்டுபோவது சுலபம். வாசலில் அத்தை கேட்டால் என் மூட்டுவலிக்குக் கஷாயம் என்பேன். ஒருநாள் மூடி நழுவி வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. காலையில் செம்பு செம்பாகக் குடிப்பது போதாமல் கடையிலும் வாங்கிக் குடிக்கிறேன் என்று நினைத்தார் அத்தை. "வயித்துக்குள்ள என்ன, கொளமா வெட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

வாரங்கள் போயின. என் பேர் சாலை முழுக்கப் பரவியது. நான் நடந்து போனால் கடைக்காரர்கள், அதோ வாயும் வயிறுமான தங்கச்சியின் பாலைப் பிடுங்கிக் குடிக்கிற அண்ணன் போகிறான் என்று கைகாட்டுவார்கள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வளையல் போட்டுவிடும் சடங்கன்று வந்திருந்த பெண்கள், என் காதில் விழும்படியே, தாய்வீட்டுச் சீர் என்று ஒரு பூனையை அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் பல்லைக் காட்டினேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு மரகதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல ஆடை மெதந்தா பால் டம்ளரையே தொடமாட்டியே அண்ணே. நெசத்தச் சொல்லு. அதுல என்ன இருக்கு?"

மரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கையிலிருந்த வளையல்களை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த ரெண்டும்..."

"தெரியல மரகதம். எனக்குத் தெரியல. அதான் பயமா இருக்கு."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் நான் செம்பைப் பிடுங்குவதற்கு முன்பே, அண்ணன் இப்படி வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இறங்கும் என்று அத்தையிடம் புகார் சொல்லி, செம்பைத் தானே என் பக்கம் தள்ளிவிட்டாள். நடிப்பில் என்னைத் தோற்கடித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் எனக்கு ஒரு சாயங்காலம் வந்தது. முதலில் இடுப்பு பிடித்துக்கொண்டது, பிறகு குளிர், பிறகு பாயை நனைக்கிற வேர்வை. காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து இட்லி கேட்டேன். சாயங்காலம் சொல்லிவைத்தாற்போல் திரும்பி வந்தது. மலேரியாவாக இருக்கும் என்று கொயினா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குக் கசந்ததைத் தவிர அதனால் ஒரு பலனும் இல்லை. வீட்டுக்குள் பிள்ளைத்தாய்ச்சி இருப்பதால் என்னைக் கொட்டிலை ஒட்டிய தாழ்வாரத்தில் படுக்கவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார். கறவைக்காரர் சாமிக்கண்ணு. அவருக்கு மாதக்கணக்கில் இதே காய்ச்சலாம்.

ஊர்க்கதை பேசுவதுபோல் இருவரும் நோயை ஒப்பிட்டுக்கொண்டோம். அவருக்கும் சாயங்காலம்தான். அவருக்கும் இடுப்பில்தான் ஆரம்பம். வேர்வையின் புளித்த வாடைகூட ஒன்றாகவே இருந்தது. நீங்களும் பாலைப் பச்சையாகத்தான் குடிப்பீர்களா என்று கேட்டேன்.

"செம்புல எதுக்குங்க? கறக்கையிலயே நேரா வாயில பீச்சிக்குவேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இந்த வீட்ல பச்சப்பால் குடிக்கிறது மூணே பேருதாங்க. நானு, தங்கச்சியம்மா. இப்ப நீங்க" என்றார்.

வாசலில் நிழல் ஆடியது. மாப்பிள்ளை கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சாமிக்கண்ணுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான் எதற்காக அந்தப் பாலைக் குடித்தேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

காலையில் வந்து என் பாயருகே நின்றார்.

"மச்சான், கன்னு வீசுன மாடு எதுன்னு கேட்டீங்கல்ல. எந்திரிங்க, காட்டுறேன்."

ஒவ்வொரு மாடாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். பேர் சொல்லிச் சொன்னார். பாதிக்கு மேல் வந்ததும் பேரை விட்டுவிட்டுத் தொட்டு மட்டும் காட்டினார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனார். விடிந்து வெயில் ஏறியிருந்தது, சாலையில் நல்ல கூட்டம். எல்லோரும் பார்க்க ஆலமரத்தில் ஏறி, பொட்டலங்களை அறுத்துப் போட்டு, ஒரே குவியலாக்கி எரித்தார். என்ன சமாச்சாரம் என்று கேட்டவர்களிடம் என் மாடுகள் கன்று வீசுகின்றன என்று தன் வாயாலேயே சொன்னார். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மாட்டுத் துரையையும் மாப்பிள்ளையே போய் அழைத்து வந்தார். துரை கொட்டிலில் பாதியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

வாடிக்கைக்காரர்களில் பலர் அன்றே நின்றுவிட்டார்கள். மரகதம் உட்கார்ந்து குடித்த அதே வாசலில் மாப்பிள்ளை அடுப்பு மூட்டி, ஒரு பெரிய அண்டாவை ஏற்றி, பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி விற்க ஆரம்பித்தார். காசிம் நானா கடையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார். காய்ச்சுவதுவரை வந்தாயிற்று, தண்ணீர் ஊற்றுவதையும் நானே கற்றுத்தருகிறேன் என்று கேலி செய்தார். மாப்பிள்ளை சிரித்தார். நான் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளை ஒரு மத்தியானம் பிறந்தது. பெண். நான் தாழ்வாரத்தில் காய்ச்சலுக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வீடு அதிர. அம்மாவின் கட்டளை நிறைவேறிவிட்டது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் அன்று காய்ச்சல் வந்ததா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. சாமிக்கண்ணு மட்டும் என் காலை அமுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பிப் பல வருஷமாகிவிட்டது. காய்ச்சலும் என்னோடு கப்பலேறி வந்துவிட்டது. எங்கோ ஒரு தீவில் ஆட்டுப்பால் குடித்த பட்டாளத்துக்காரர்களுக்கு இதே மாதிரி விட்டு விட்டு வருகிற காய்ச்சல் வந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் சொன்னார். கன்று இல்லாத வயிற்றையும் அது விடுவதில்லை என்று எனக்கு அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். உடனே என் பெண்டாட்டி, சிங்கப்பூர் சம்பந்தி வந்துவிட்டார் என்று சொல்லிக் கஞ்சி வைப்பாள்.

போன மாசம் மரகதம் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தாள். வாயாடிப் பெண். இறங்கியதிலிருந்து குழம்பில் தேங்காய்ப்பால் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா தன் பேத்திக்கென்று பாலை நன்றாகக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆற்றி, பெரிய டம்ளர் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அது டம்ளருக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தது. நேராக என்னிடம் வந்து நீட்டியது.

"எனக்குப் பாலுன்னாலே பிடிக்காது மாமா. நீங்க குடிச்சிருங்க."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.